‘வலி ஊசி வேண்டாம்’: ஒரு தலைப்பிரசவத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவிரி டெல்டாவில் ஒரு மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் செவிலியர். பிரசவ அறையில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். இங்கே எழுதுவது எங்களிடம் நடந்த ஒரு தலைப்பிரசவம். அந்தப் பெண்ணும் அவருடைய அம்மாவும் எழுதச் சம்மதம் தந்தார்கள். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பெருநகரத் தனியார் மருத்துவமனைகளில் வலி மருந்து இல்லாத பிரசவம் என்பது ஒருவர் தேர்ந்தெடுப்பது. முதுகில் போடும் எபிடியூரல் என்ற வலி மருந்து வேண்டுமா என்று கேட்பார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். எங்கள் நிலையத்தில் மயக்க மருத்துவர் கிடையாது, அதனால் எபிடியூரல் பேச்சே வராது. அதிகம் போனால் வலி குறைக்கும் ஒரு டிரமடால் ஊசி, அதுவும் கேட்டால்தான். ஆக, இங்கே வரும் பெண்களில் பெரும்பாலோர் யாரும் கேட்காமலேயே மருந்தில்லாமல்தான் பெறுகிறார்கள். சிலர் தயாராகி வருகிறார்கள், பலர் என்ன நடக்கப்போகிறது என்றே தெரியாமல் வந்து கட்டிலில் ஏறுகிறார்கள். அந்த இரண்டாவது கூட்டம் எனக்குப் பல வருடமாக உறுத்தல்.

இந்தப் பெண்ணுக்கு 23 வயது. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. 7-ஆம் மாத வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு வந்தவர், 30-ஆவது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு எங்களிடம் வந்தார். ரத்த அழுத்தம் 110/70. சர்க்கரை இல்லை. ஹீமோகுளோபின் மட்டும் 10.4. இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட வைத்ததில் 36-ஆவது வாரத்தில் 11.2 ஆனது. ஸ்கேனில் தலை கீழே, நஞ்சுக்கொடி மேலே. சிக்கல் குறைவான கர்ப்பம் என்று மருத்துவர் எழுதினார்.

முதல் நாளே அவர் சொன்னது: “சிஸ்டர், எனக்கு வலி ஊசி மட்டும் வேண்டாம். சுகப்பிரசவம் ஆகணும்.”

எனக்கு மகிழ்ச்சி. தாய் சேய் நல அட்டையின் ஓரத்தில் ‘வலி ஊசி வேண்டாம் என்கிறார்’ என்று எழுதிவைத்தேன்.

33-ஆவது வாரம்: என் தவறு தெரிந்தது

மூன்று வாரம் கழித்துத்தான் ஏன் இப்படிச் சொல்கிறார் என்று கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். அக்காவின் பிரசவத்தைச் சொன்னார். “வலி ஊசி போட்டதுக்கு அப்புறம்தான் அக்காவால தாங்கவே முடியல. அதுவரைக்கும் பேசிக்கிட்டுதான் இருந்துச்சு.”

வலியைக் குறைக்கும் மருந்து போட்டால் வலி கூடுமா? அப்போதுதான் உறைத்தது. அவர் சொன்னது வலி வரவைக்கும் மருந்தை. ஆக்ஸிடாசின் கலந்த டிரிப்ஸ். நம் ஊரில் ‘வலி ஊசி போட்டாங்க’ என்றால் பெரும்பாலும் அதுதான் அர்த்தம். நான் வலி குறைக்கும் ஊசி என்று எடுத்துக்கொண்டு மூன்று வாரம் மருந்தில்லாப் பிரசவம் பற்றி அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டையும் பிரித்துச் சொன்னேன். ஒன்று கர்ப்பப்பையைச் சுருங்க வைப்பது, இன்னொன்று வலியை மட்டுப்படுத்துவது. கேட்டுவிட்டு, “வலியைக் குறைக்க ஊசி இருக்கா சிஸ்டர்?” என்றார். அவருடைய குடும்பத்தில் யாருக்கும் அது தெரியாது. அக்காவுக்கும் யாரும் சொன்னதில்லை.

சுகப்பிரசவம் என்ற சொல்லிலும் இதே குழப்பம். ஆபரேஷன் இல்லாதது எல்லாமே நமக்குச் சுகப்பிரசவம். டிரிப்ஸ் ஏற்றினாலும், தையல் போட்டாலும், ஆயுதம் வைத்து எடுத்தாலும் அதே பெயர்தான். ஆபரேஷன் பயம் காரணமில்லாததும் இல்லை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியாரில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. தெருவுக்கு நாலு பேர் வயிற்றில் தழும்போடு இருக்கும்போது, மற்ற எதையும் கேட்க ஒருவருக்குத் தோன்றாது.

டிரமடால் போட்டால் வலி முழுக்கப் போகாது, கூர்மை குறையும், குமட்டலும் மயக்கமும் வரலாம், பிறக்கிற நேரத்துக்கு நெருக்கமாகப் போட்டால் குழந்தை சோர்ந்து பிறக்கலாம் என்று சொன்னேன். கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரையும் சொல்கிறது, கேட்பது தோல்வி இல்லை என்றும் சொன்னேன். இரண்டு நாள் யோசித்து வந்தார். இரண்டு ஊசியும் முடிந்தவரை வேண்டாம், தேவைப்பட்டால் பார்க்கலாம் என்பது அவர் முடிவு. அதைத் தனித் தாளில் எழுதி அட்டைக்குள் வைத்தோம். அட்டை ஓரத்தில் இருந்த பழைய வரியை நான் அடிக்கவில்லை. இது பிறகு வரும்.

தயாரிப்பு

வாரம் ஒருமுறை, பரிசோதனை முடிந்த பிறகு முக்கால் மணி நேரம். அம்மாவும் கட்டாயம் வர வேண்டும் என்றேன். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது ஒரு பெண் துணை கூட இருக்கலாம். ஆனால் துணைக்கு வருபவர் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. மகள் கத்தினால் அம்மாவும் சேர்ந்து அழுவார். அவ்வளவுதான் நடக்கும்.

முதல் இரண்டு வாரம் உடம்பைப் பற்றிய விளக்கம். ஊதின பலூனுக்குள் ஒரு பிங்பாங் பந்து. பலூனின் மேற்புறத்தை அழுத்த அழுத்த, கழுத்துப் பகுதி முதலில் குட்டையாகி, பிறகுதான் திறக்கும். கர்ப்பப்பை வாயும் அப்படித்தான். திறக்கும் முன் மெலிய வேண்டும். அந்த நேரத்தில் வலி இருக்கும், ‘ரெண்டு விரல்தான் திறந்திருக்கு’ என்பார்கள், மனசு விட்டுப்போகும். பந்து வெளியே வந்ததும் அம்மா கைதட்டினார்.

பயந்தால் தசை இறுகும், இறுகினால் வலி கூடும், வலி கூடினால் பயம் கூடும். ஆங்கிலேய மருத்துவர் கிரான்ட்லி டிக்-ரீட் 1930-களில் எழுதியது இது. எல்லா வலிக்கும் பயம்தான் காரணம் என்று நான் நம்பவில்லை. அப்படிச் சொல்வது வலிப்படும் பெண்ணையே குற்றவாளி ஆக்கிவிடும். ஆனால் தோள், தாடை, உள்ளங்கை மூன்றும் இறுகியிருந்தால் வலி அதிகம் தெரிகிறது என்பதைக் கட்டில் பக்கத்தில் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதனால் மூச்சுப் பயிற்சியை எளிமையாக வைத்தேன். மூக்கால் இழுத்து, அதைவிட நீளமாக வாயால் விடுவது. விடும்போது தாடையைத் தளர்த்தி அடிக்குரலில் ‘ஊ’ என்று ஒரு சத்தம். பழகுவதற்கு ஐஸ் கட்டியை ஒரு நிமிடம் கையில் பிடித்துக்கொண்டு இந்த மூச்சை விடச் சொன்னேன். முதல் நாள் 20 விநாடியில் கீழே போட்டார். இரண்டு வாரத்தில் முழு நிமிடம் பிடித்தார்.

அம்மாவுக்குச் சொல்லித்தந்ததுதான் கடைசியில் அதிகம் உதவியது. முதுகின் அடியில், இடுப்பெலும்புகளுக்கு நடுவே, உள்ளங்கையின் அடிப்பகுதியால் வலி வரும் நேரத்தில் அழுத்திப் பிடிப்பது. “நடவு முடிஞ்சு வந்தா நாங்க ஒருத்திக்கு ஒருத்தி இப்படித்தான் அமுக்கிவிடுவோம் சிஸ்டர்” என்றார். கை தெரிந்த வேலை. எப்போது அழுத்துவது, எப்போது விடுவது என்பதை மட்டும்தான் நான் சொன்னேன்.

சரியாக நடக்காததும் உண்டு. 35-ஆவது வாரத்திலிருந்து பிறப்புறுப்பின் அடிப்பகுதியைத் தேங்காய் எண்ணெய் தொட்டு மெதுவாக நீவிவிடச் சொல்லியிருந்தேன். தலைப்பிரசவத்தில் கிழிசலும், வழியை அகலப்படுத்த நாங்கள் போடும் வெட்டும் குறைய அது உதவும். கூச்சமாக இருக்கிறது என்று இரண்டு நாளோடு விட்டுவிட்டார். தனி அறை இல்லாத வீட்டில் அதை வற்புறுத்த எனக்கு மனசு வரவில்லை.

34-ஆவது வாரத்தில் கணவர் செல்போனில் சில வீடியோக்களை அனுப்பி, வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். நான் நேரடியாக அவரிடம் பேசினேன். 2018 ஜூலையில் அவர் வேலை பார்க்கும் அதே திருப்பூரில், வீடியோ பார்த்து வீட்டில் பிரசவம் பார்க்கப்போய் ஒரு தாய் ரத்தப்போக்கில் இறந்ததைச் சொன்னேன். குழந்தை பிறந்த பிறகு கர்ப்பப்பை சுருங்காவிட்டால் சில நிமிடங்களில் நிலைமை கைமீறும். வலி மருந்து வேண்டாம் என்பதும் மருத்துவ உதவியே வேண்டாம் என்பதும் வேறு வேறு. அவருக்குப் புரிந்தது.

36-ஆவது வாரத்தில் அந்தத் தாளை மீண்டும் எடுத்து, எப்போது திட்டம் மாறும் என்பதை எழுதினோம். பனிக்குட நீர் பச்சையாக வந்தால், குழந்தையின் இதயத் துடிப்பு 110-க்குக் கீழோ 160-க்கு மேலோ நின்றால், ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டால், ரத்தப்போக்கோ காய்ச்சலோ வந்தால், வாய் திறப்பது நின்றுபோனால் மருத்துவர் சொல்வதுதான். தேவையென்றால் 108-இல் பெரிய ஆஸ்பத்திரிக்கு. குழந்தை பிறந்ததும் தொடையில் போடும் 10 யூனிட் ஆக்ஸிடாசின் ஊசி ரத்தப்போக்கைத் தடுப்பதற்கு, அது கட்டாயம் வேண்டும் என்பதற்கும் ஒப்புக்கொண்டார்.

பிரசவ நாள்: இரவு

39 வாரம் 3 நாள். இரவு 11 மணிக்கு வலி. சூட்டு வலியா என்று பார்க்கப் பாட்டி சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறார். அடங்கவில்லை. 2.30-க்கு ஆட்டோவில் வந்துவிட்டார்கள். கர்ப்பப்பை வாய் 2 சென்டிமீட்டர் திறப்பு (முழுத் திறப்பு என்பது 10), 10 நிமிடத்துக்கு 2 வலி, ஒவ்வொன்றும் அரை நிமிடத்துக்கும் குறைவு.

பகலாக இருந்தால் வீட்டுக்கு அனுப்பி, பிறகு வரச் சொல்லியிருப்போம். நடுராத்திரி, வீடு 9 கிலோமீட்டர். இரவுப் பணிச் செவிலியர் வார்டில் சேர்த்தார். அது சரியான முடிவு. ஆனால் துணைக்கான அனுமதி பிரசவ அறைக்குத்தான். இரவில் வார்டில் கூட ஆள் இருக்கக்கூடாது என்பது எங்கள் நிலையத்தின் வழக்கம். அம்மா வராந்தாவில் படுத்தார், மகள் உள்ளே தனியாக.

காலை முதல் மதியம் வரை

8 மணிக்கு நான் பணிக்கு வந்தபோது 4 சென்டிமீட்டர். ஆள் துவண்டுபோயிருந்தார். முதல் வலியிலிருந்தே மூச்சுப் பயிற்சியைத் தொடங்கி, இரவு முழுக்க ஒரு வலியையும் விடாமல் செய்திருக்கிறார். தூங்கவில்லை. பிரசவத்துக்கு முன் சாப்பிடக்கூடாது என்று பாட்டி சொன்னதால் வயிறும் காலி.

முதலில் இரண்டு இட்லி, ஒரு இளநீர். சிக்கல் குறைந்த பிரசவத்தில் சாப்பிடுவதற்கும் குடிப்பதற்கும் தடை இல்லை. பிறகு, “மூச்சுப் பயிற்சியை நிறுத்து. வலி வந்தா வரட்டும், கண்ணை மூடிப் படு” என்றேன். இடதுபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்தோம். வலிக்கும் வலிக்கும் நடுவில் குறட்டை விடும் அளவுக்குத் தூங்கினார். ஒன்றரை மணி நேரம் இப்படிப் போனது. அன்றைக்கு எடுத்த முடிவுகளில் மிகவும் பயன்பட்டது இதுதான் என்று நினைக்கிறேன்.

11.30-க்கு 5 சென்டிமீட்டர், 10 நிமிடத்துக்கு 3 வலி. வலி முழுக்கப் பின்னிடுப்பில். வயிற்றைத் தொட்டுப் பார்த்ததில் குழந்தையின் முதுகு தாயின் முதுகுப் பக்கம் இருந்தது. இப்படி இருந்தால் இடுப்பு வலி கடுமையாக இருக்கும், நேரமும் எடுக்கும். கட்டிலில் தலையணைகளை அடுக்கி, தரையில் பாய் மேல் முட்டிபோட்டு அதன்மேல் சாய வைத்தோம். வெந்நீரில் பிழிந்த துண்டு இடுப்பில். ஒவ்வொரு வலிக்கும் அம்மாவின் கை. அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் துடிப்பைக் கேட்டேன். 138-க்கும் 146-க்கும் நடுவே இருந்தது.

டிரிப்ஸா, காத்திருப்பதா

3.30-க்கு 6 சென்டிமீட்டர். நாலு மணி நேரத்தில் ஒன்றுதான் கூடியிருக்கிறது. பனிக்குடத்தை உடைத்துவிட்டு டிரிப்ஸ் போடலாம் என்றார் பணி மருத்துவர். அவர் சொன்னதில் தப்பில்லை. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில்தான் நாங்கள் எல்லாரும் படித்தோம். ஆனால் அந்தக் கணக்கு பலருக்குப் பொருந்தாது என்று 2018 பரிந்துரை சொல்லிவிட்டது. 2020-இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புதிய பிரசவக் கண்காணிப்புத் தாளில் 5 சென்டிமீட்டரில் 6 மணி நேரம் தாண்டினால்தான் எச்சரிக்கை. தாயின் நாடி 88, அழுத்தம் 118/76, காய்ச்சல் இல்லை, குழந்தை நன்றாக இருக்கிறது. இதை மருத்துவரிடம் சொன்னேன். அந்தப் பெண்ணிடமும் இரண்டு வழியையும் சொன்னோம். 5.30 வரை காத்திருப்பது, முன்னேற்றம் இல்லையென்றால் டிரிப்ஸ் என்று மூன்று பேரும் சேர்ந்து முடிவெடுத்தோம்.

அப்போதுதான் கவனித்தேன், நாலு மணி நேரமாக அவர் சிறுநீர் கழிக்கவில்லை. நிரம்பிய சிறுநீர்ப்பை தலை இறங்குவதைத் தடுக்கும். இது நான் கோட்டைவிட்டது. கழிவறைக்கு நடத்திக் கூட்டிப்போனோம். வந்த பிறகு ஒரு காலைப் படிக்கட்டு ஸ்டூலில் வைத்து, வலி வரும்போது அந்தப் பக்கம் சாய்ந்து ஆட வைத்தேன். 4.50-க்குப் பனிக்குடம் தானாக உடைந்தது. தெளிந்த நீர். 5.30-க்கு 8 சென்டிமீட்டர், குழந்தையும் திரும்பியிருந்தது. பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே திரும்பிவிடும், அதனால் ஸ்டூலுக்குப் பெருமை சேர்க்க மாட்டேன்.

8 சென்டிமீட்டர்

உடம்பு நடுங்கியது. வாந்தி எடுத்தார். “முடியல சிஸ்டர், என்னை விட்டுடுங்க” என்று என் கையைப் பிடித்தார். அம்மா அதைக் கேட்டு உடைந்து வெளியே போய்விட்டார். சித்தியை உள்ளே அழைத்தோம். அவருக்கு எதுவும் சொல்லித்தந்திருக்கவில்லை. நானே அழுத்திக் காட்டினேன். கால் மணியில் அம்மா முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார்.

வலி விட்ட நேரத்தில் கண்ணைப் பார்த்துக் கேட்டேன்: “வலி குறைக்கிற ஊசி வேணுமாம்மா?”

“இப்ப எவ்வளவு?”

“எட்டு.”

“அப்ப வேண்டாம்.”

பிறப்பு

7 மணிக்கு முழுத் திறப்பு. முக்கச் சொல்லி யாரும் கத்தவில்லை, தானாக முக்கல் வரும் வரை விட்டோம். முட்டிபோட்டும் பக்கவாட்டில் படுத்தும் முக்கினார். கடைசியில் சாய்ந்து உட்கார்ந்த நிலைக்கு மாற்றினோம். அந்த நிலையில் பிரசவம் பார்த்துத்தான் எங்கள் கைக்குப் பழக்கம். இரவு 8.05-க்குப் பெண் குழந்தை, 2.9 கிலோ, பிறந்ததும் அழுதது. நேராகப் பெற்றவளின் மார்பில். தொடையில் ஆக்ஸிடாசின் போட்டோம். இரண்டு நிமிடம் கழித்துக் கொடியை வெட்டினோம். ரத்தப்போக்கு சுமார் 250 மில்லி. வெட்டு போடவில்லை, ஆனால் இரண்டாம் நிலைக் கிழிசல். லிக்னோகெய்ன் போட்டு, மரத்துப்போகும் வரை காத்திருந்து தைத்தேன். மருந்தில்லாமல் பெற்றவருக்குத் தையலும் மருந்தில்லாமல் போடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது கொடுமை.

என் பணி 2 மணிக்கே முடிந்திருந்தது. ஆறு மணி நேரம் கூடுதலாக இருந்தேன். எல்லாருக்கும் இப்படி இருக்க முடியாது என்பதையும் இந்த ஆய்வைப் படிப்பவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

மூன்றாம் நாள் அவர் சொன்னது

வீட்டுக்குப் போகும் நாளில் எப்படி இருந்தது என்று கேட்டேன். “நீங்க சொன்னதைவிட ஜாஸ்தியா இருந்துச்சு. ஆனா என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுது” என்றார். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்.

வார்டில் சேர்ந்த அன்றிரவு 4 மணிக்கு அவர் இரவுச் செவிலியரிடம், “கொஞ்சம் தூங்குற மாதிரி ஏதாவது ஊசி இருக்கா” என்று கேட்டிருக்கிறார். அவர் அட்டையைப் பார்த்துவிட்டு, “நீதாம்மா வலி ஊசி வேண்டாம்னு சொல்லியிருக்க” என்றிருக்கிறார். நான் அடிக்காமல் விட்ட அதே வரி. “கேட்டதே தப்போன்னு ஆயிடுச்சு. அப்புறம் நான் கேக்கல.”

இரவுச் செவிலியர் மேல் ஒரு குற்றமும் இல்லை. எழுதியிருந்ததை அவர் மதித்தார். அந்த நேரத்தில் மருத்துவரைக் கேட்டு ஒரு ஊசி போட்டுத் தூங்க வைத்திருக்கலாம். பிறப்புக்கு இன்னும் 16 மணி நேரம் இருந்தது.

8 சென்டிமீட்டரில் வேண்டாம் என்றதும் இந்தக் கூச்சத்தால்தானா என்று கேட்டேன். “இல்ல சிஸ்டர். அப்ப நிஜமாவே வேண்டாம்னுதான் இருந்துச்சு. நீங்க எல்லாரும் இருந்தீங்க. ராத்திரிதான் வேணும்னு இருந்துச்சு.”

ஒன்பது வாரம் நான் அவரை உச்சக்கட்ட வலிக்குத் தயார்படுத்தினேன். அவர் தவித்ததோ 2 சென்டிமீட்டரில், இருட்டில், அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தபோது.

இப்போது மாற்றியிருப்பவை

அட்டையில் ‘வலி ஊசி’ என்று யாரும் எழுதுவதில்லை. ‘வலி வரவைக்கும் மருந்து’, ‘வலி குறைக்கும் மருந்து’ என்று இரண்டு வரி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி போட்டு அன்றைய விருப்பம். கீழே ‘எப்போது கேட்டாலும் மாற்றலாம்’ என்று ஒரு வரி. பழையதை அடித்துவிட்டுத்தான் புதியது எழுத வேண்டும்.

முதல் இரவைப் பற்றித் தனியாக ஒரு வாரம் பேசுகிறேன். பேச முடிகிற வரை மூச்சுப் பயிற்சி வேண்டாம், சாப்பிடு, படு, இரண்டு மணிக்கு ஒருமுறை சிறுநீர் கழி. 36-ஆவது வாரத்தில் இரவுப் பணிச் செவிலியர் ஒருவரை அறிமுகம் செய்துவைக்கிறேன். துணைக்கு இரண்டு பேரைத் தயார்படுத்துகிறேன், ஒருவர் உடைந்தால் இன்னொருவர் வரட்டும் என்று. இரவில் வார்டில் துணை இருக்க அனுமதி கேட்டு மருத்துவ அலுவலரிடம் எழுதிக் கொடுத்தேன். ஒரு கட்டிலுக்கு ஒரு பெண் என்று இப்போது விடுகிறோம். கூச்சத்தால் விட்டுப்போகும் எண்ணெய் நீவுதலுக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை.

42-ஆவது நாள் பரிசோதனைக்குக் குழந்தையோடு வந்தபோது அக்காவையும் கூட்டி வந்திருந்தார். அக்காவுக்கு இரண்டாவது, 14 வாரம். உட்கார்ந்ததும், “எனக்கும் வலி ஊசி வேண்டாம் சிஸ்டர்” என்றார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எந்த ஊசியைச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.